கேம் ஃபிஷிங் கிளப்பில் இருப்பவர்களே, போன சீசன் எப்படிப் போனது?

ஜூன் 30-ஓடு சீசன் முடிந்தது. ஆஸ்திரேலியாவில் கேம் ஃபிஷிங் கணக்கு ஜூலை 1-இல் தொடங்கி மறு ஜூன் 30-இல் முடியும் என்பதால் இப்போது எல்லாருடைய புள்ளியும் பூஜ்யம். நியூ சவுத் வேல்ஸ் கரையில் எந்த கிளப்பில் இருந்தாலும் சரி, போட்டியில் பார்த்தது, கைக்கு வந்த மீன், வராமல் போன மீன், கிளப்புக்கு ஆள் சேர்க்கப் பட்ட பாடு, எல்லாவற்றையும் இங்கே எழுதுங்கள். நான் போர்ட் ஸ்டீபன்ஸ் பக்கம். சொந்தப் படகு கிடையாது, அடுத்தவர் படகில் டெக்கியாக, அதாவது கூடமாட வேலை செய்கிற ஆளாகப் போகிறவன். அந்த இடத்தில் நின்றுதான் எழுதுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேம் ஃபிஷிங் என்றால் மார்லின், சூரை, சுறா மாதிரிப் பெரிய மீனை ராடும் ரீலும் வைத்து ஒரே ஆள் போராடிக் கொண்டுவருவது. 1939-இல் உருவான இன்டர்நேஷனல் கேம் ஃபிஷ் அசோசியேஷனின் விதிகள்தான் பெரும்பாலும் எல்லா இடத்திலும் அடிப்படை. மீன் மாட்டிய பிறகு ராடையோ ரீலையோ தூண்டில் நரம்பையோ வேறு யாராவது தொட்டால் அந்த மீன் கணக்கில் சேராது. கடைசியில் லீடர் (முள்ளை ஒட்டி இருக்கிற தடித்த நரம்பு) கைக்கு எட்டும்போதுதான் டெக்கி கையுறையோடு உள்ளே வரலாம். நரம்பு தாங்குகிற பலத்தை வைத்து 1 கிலோவிலிருந்து 60 கிலோ வரை வகுப்பு வகுப்பாக இருக்கும், மெல்லிய நரம்பில் பிடித்தால் புள்ளி கூடும். இவ்வளவு தெரிந்தால் மற்றது புரியும்.

இந்தக் கரையில் கோடைக்காலம்தான் மார்லின் காலம். வடக்கே குயின்ஸ்லாந்திலிருந்து கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் வெதுவெதுப்பான தண்ணீரைத் தெற்கே தள்ளிக்கொண்டு வரும், ஜனவரி வாக்கில் அந்த அடர்நீலத் தண்ணீர் கரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அதோடு கறுப்பு மார்லினும் வரும். எங்களுக்கு வெளியே ஒரு இடத்தை எல்லாரும் கார் பார்க் என்பார்கள், இரை மீன் கூட்டம் அங்கே தங்கும் நாட்களில் அவ்வளவு படகுகள் வந்து நெருக்கியடித்து நிற்கும். வரி மார்லினுக்கு இன்னும் தள்ளி கண்டத்திட்டு விளிம்புக்குப் போக வேண்டும், நீல மார்லினுக்கு அதற்கும் அப்பால். எரிபொருள் செலவு அங்கேதான் எகிறும்.

சீசனின் உச்சம் நெல்சன் பே-யில் நடக்கிற இன்டர்கிளப். தென் அரைக்கோளத்தின் மிகப் பெரிய கேம் ஃபிஷிங் போட்டிகளில் ஒன்று, மாநிலம் முழுக்க இருந்து கிளப்புகள் வரும். இந்த முறை எங்கள் கேப்டன் ஒரு இடம் காலியாக இருக்கிறது என்று சொல்ல, ஊரில் பேக்கரியில் வேலை பார்க்கிற ஒரு பையனை நான் கூட்டிப்போனேன். ஜெட்டியில் நின்று தூண்டில் போடுகிறவன், ஆழ்கடலுக்குப் போனதே இல்லை. அன்றைக்கு விடியற்காலையில் ப்ராட்டன் தீவுக்குப் பக்கத்தில் ஸ்லைமி மேக்கரல் (நம்ம ஊர் கானாங்கெளுத்தியின் உறவு) பிடித்துத் தொட்டியில் விட்டோம். உயிர் இரையை நேரடியாக முள்ளில் குத்துவதில்லை. கண்குழிக்கு முன்னால் இருக்கிற இடைவெளி வழியாக ஒரு மெல்லிய கயிற்றை ஊசியால் கோத்து, அதை முறுக்கி, அந்தக் கண்ணியில் சர்க்கிள் முள்ளை (நுனி உள்நோக்கி வட்டமாக வளைந்த முள்) மாட்டுவோம். அப்படிச் செய்தால் இரை நெடுநேரம் துடிப்பாக நீந்தும், முள்ளும் மார்லினின் தொண்டைக்குள் போகாமல் வாய் ஓரத்தில் மாட்டும்.

ஒன்பது மணிக்கு மேல் கடித்தது. சர்க்கிள் முள்ளில் ராடை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, மீன் இரையை வாயில் வாங்கித் திரும்பும்வரை நரம்பை ஓடவிட்டு, அப்புறம் ரீலில் நரம்பை இறுக்குகிற டிராக் லிவரை மெதுவாக முன்னே தள்ள வேண்டும். பையன் சொன்னதைச் சொன்னபடி செய்தான். கேப்டன் ரேடியோவில் படகு பெயர், நேரம், நரம்பு வகுப்பு எல்லாம் சொல்லி ஹுக்-அப் (மீன் மாட்டியது) பதிவு செய்து முடிப்பதற்குள் மீன் மூன்று முறை முழு உடம்போடு வெளியே வந்துவிட்டது. 15 கிலோ நரம்பு. ஒரு மணி நேரத்துக்கு மேல் அவன் கை, முதுகு, இடுப்பு எல்லாவற்றையும் அந்த மீன் சோதித்தது, நாங்கள் வாயால் மட்டும்தான் உதவ முடியும். கடைசியில் லீடர் வந்ததும் நான் பிடித்தேன், இன்னொருவர் டேக் கோலால் முதுகுத் துடுப்புக்குக் கீழே தோள் சதையில் டேக்கை (எண் போட்ட சின்ன அடையாளத் துண்டு) பதித்தார். முள்ளை எடுத்துவிட்டு, அலகைப் பிடித்துத் தலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, படகை மெல்ல முன்னே நகர்த்தினோம். செவுள் வழியாகத் தண்ணீர் ஓட ஓட, மங்கிப் போயிருந்த உடம்பில் மயில்கழுத்து நீலம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. அப்புறம் ஒரு உதறல், கையுறைக்குள்ளிருந்து வழுக்கிப் போய்விட்டது.

எடை 80 கிலோ இருக்கலாம் என்று மதிப்பிட்டு அட்டையில் எழுதினோம். டேக் எண், மீன் வகை, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, பிடித்தவர் பெயர். "வேறு யாராவது இதைப் பிடித்தால் எனக்குத் தெரியவருமா?" என்று கேட்டான். தெரியவரும், டேக்கோடு தகவல் கொடுத்தால் முதலில் டேக் போட்டவருக்கும் சொல்வார்கள் என்றேன். அடுத்த வாரமே உறுப்பினர் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டான்.

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் கிளப்பில் ஆள் குறைந்துகொண்டே வருகிறது, ஒவ்வொரு கூட்டத்திலும் அதே பேச்சு. பரிசை உயர்த்தலாம், விளம்பரம் கொடுக்கலாம் என்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இளைஞர்களுக்கு ஆசை இருக்கிறது, படகு இல்லை. படகு வைத்திருப்பவர்களுக்கு வயதாகிவிட்டது, கூட வர ஆள் இல்லாமல் படகு ட்ரெய்லரிலேயே நிற்கிறது. இந்த இரண்டு பேரையும் சேர்த்துவைப்பதுதான் கிளப்பின் வேலை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

*

அண்ணா, படிக்கப் படிக்க நானே அந்தப் படகில் இருந்த மாதிரி ஆகிவிட்டது. நான் லேக் மெக்குவாரி பக்கம் இருக்கிறேன், எங்களுக்குக் கடலுக்குப் போக ஸ்வான்சீ முகத்துவாரத்தைத் தாண்ட வேண்டும். அதனால் எங்கள் அனுபவமே அங்கேதான் தொடங்கும், லைஃப் ஜாக்கெட் கட்டாயம், கடல் மீட்புக் குழுவான மரைன் ரெஸ்க்யூவில் பதிவு செய்துவிட்டுத்தான் வெளியே போவோம்.

எங்கள் வீட்டில் கிளப்புக்குள் முதலில் வந்தது என் மகள்தான். 11 வயதுக்குள் இருந்தால் ஸ்மால் ஃப்ரை, அதற்கு மேல் 16 வரை ஜூனியர் என்று பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. மார்லினுக்கு எல்லாம் போகத் தேவையில்லை. மாநில மீன்வளத் துறை கடலில் மிதவைகளை நங்கூரமிட்டு வைத்திருக்கிறது, நாம் மீன்பிடி உரிமத்துக்குக் கட்டுகிற பணத்திலிருந்துதான் அதைச் செய்கிறார்கள். கோடையில் அதன் அடியில் மாஹி மாஹி கூட்டமாகத் தங்கும். மிதவையிலிருந்து ஒதுங்கி நின்று, சின்ன இரையை மெல்லிய நரம்பில் விட்டால் போதும், பிள்ளைகளுக்கு ஏற்ற மீன். 60 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திருப்பி விட வேண்டும், என் மகள் அளவுப் பலகையைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு பெரியவர்கள் யாரையும் ஏமாற்ற விடமாட்டாள். பச்சையும் மஞ்சளுமாக வருகிற அந்த மீன் ஐஸ் பெட்டிக்குள் போன கொஞ்ச நேரத்தில் வெளிறிப் போய்விடும், முதல் தடவை அதைப் பார்த்து அழுதாள். இப்போது சாப்பிடுகிற அளவுக்கு எடுத்துக்கொண்டு மற்றதை அவளே விட்டுவிடுகிறாள்.

உறுப்பினர் விஷயத்துக்கு வருகிறேன். முன்பு எங்கள் கூட்டம் வார நாளில் இரவு நேரத்தில் பாரில் நடக்கும். சின்னப் பிள்ளைகளை வைத்திருக்கிற எந்தப் பெண் வருவாள்? இதை நாங்கள் சில பேர் கேட்டுக் கேட்டு, இப்போது ஞாயிறு மதியம் படகுத்துறைப் பூங்காவில் பார்பிக்யூவோடு நடக்கிறது. முடிச்சுப் போடச் சொல்லித் தருகிறார்கள், பிள்ளைகள் மீனுக்குப் பதிலாக நரம்பில் கட்டிய வாளியை இழுத்து ராட் பிடித்துப் பழகுகிறார்கள். குடும்பமாகச் சேருகிறவர்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். படகில் இடம் கொடுப்பதும் வேண்டும் அண்ணா, ஆனால் அந்தப் படகில் ஏறலாம் என்று ஒரு பெண்ணுக்கோ பிள்ளைக்கோ தோன்றும்படி கரையில் முதலில் பழக வேண்டும்.

*

தங்கச்சி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் சிட்னியில் இருக்கிறேன், பிறந்தது யாழ்ப்பாணம். அங்கே அப்பாவோடு தங்கூசியைக் கையில் சுற்றி மீன் பிடித்தவன், ரீல் எல்லாம் இங்கே வந்து கற்றதுதான்.

எனக்குக் கோடையைவிடக் குளிர்காலம் பிடிக்கும். மார்லின் போன பிறகு பாதிப் பேர் படகை மூடிவிடுவார்கள், ஆனால் மே, ஜூன், ஜூலை சூரைக் காலம். சிட்னிக்கு வெளியே ப்ரவுன்ஸ் மவுண்டன் என்று கடலடியில் ஒரு மேடு, தெற்கே போனால் பெர்மகூயி. பில்சார்ட் மீனைத் துண்டு துண்டாக வெட்டி, முதல் துண்டு கண்ணுக்கு மறைவதற்குள் அடுத்ததைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அந்தத் தொடர் அறுந்தால் சூரை போய்விடும். முள் வைத்த துண்டும் மற்றத் துண்டுகளின் வேகத்திலேயே இறங்க வேண்டும். கை விறைத்துப் போகிற குளிரில் மணிக்கணக்காக இந்த வேலை. பிறகு மஞ்சள் துடுப்புச் சூரை ஒன்று கடித்துவிட்டால் ரீல் கத்துகிற சத்தத்தில் குளிர் எங்கே போனது என்று தெரியாது. இந்த முறை ஒரு நல்ல சூரையைப் படகுக்குப் பக்கம் கொண்டுவரும்போது மாகோ சுறா வந்து தலையை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோனது. சிதைந்த மீன் போட்டிக்குச் செல்லாது. சுறாவின் கடலில் சுறா சாப்பிட்டது, அதில் எனக்கு வருத்தமில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் தம்பியோடு மாறுபடுகிறேன். ஆள் குறைவதற்குப் படகும் செலவும் மட்டும் காரணமில்லை. கரையில் மீனைத் தொங்கவிட்டு எடை போடுவதைப் பார்த்து முகம் சுளிக்கிற தலைமுறை இது. அவர்களுக்கு நாம் காட்ட வேண்டியது டேக் அட்டையைத்தான். இந்த மாநிலத்தில் 1973-இல் தொடங்கிய டேக் திட்டத்தில் இதுவரை 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்களுக்கு டேக் போட்டிருக்கிறார்கள், அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் கிளப் ஆட்கள். கறுப்பு மார்லின் வடக்கே பெருந்தடுப்புப் பவளத்திட்டுப் பக்கம் முட்டையிடுகிறது, குஞ்சுகள் நீரோட்டத்தோடு தெற்கே வருகின்றன, வளர்ந்தவை பசிபிக் முழுக்க அலைகின்றன என்று தெரிந்துகொள்வதில் இந்த அட்டைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. எடை போடுகிற பிரிவைச் சுருக்கி, டேக் பிரிவுக்குப் பெரிய கோப்பை கொடுங்கள் என்று ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பழைய ஆட்கள் ஒத்துக்கொள்வதில்லை. விடப்போவதில்லை.

*

அண்ணா, தங்கச்சி, இரண்டு பேருக்கும் நன்றி. எடை விஷயத்தில் அண்ணா சொல்வதைப் பாதி ஏற்கிறேன். எங்களிடம் மார்லின் ஏறக்குறைய எல்லாமே டேக் போட்டு விடுவதுதான், ஆனால் சாதனைக்கு முயற்சி செய்கிறவர் விதிப்படி மீனைக் கரைக்குக் கொண்டுவந்து எடை காட்டி, நரம்பின் மாதிரியையும் அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்தக் கதவை முழுசாக மூட எனக்கு மனசில்லை. சாப்பிடுகிற சூரைக்கு எடை போடுவதில் தப்பும் இல்லை.

தங்கச்சி சொன்ன ஞாயிறு மதியக் கூட்டத்தை எங்கள் கமிட்டியில் முன்வைக்கிறேன். அதோடு வரும் சீசனுக்கு ஒரு சவாலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: படகு இல்லாத உறுப்பினரையோ ஜூனியரையோ ஏற்றிப்போய் அவர் கையால் டேக் போட வைக்கிற கேப்டனுக்குத் தனிப் புள்ளி, ஆண்டு முடிவில் தனிக் கோப்பை. பெரிய படகா சின்னப் படகா என்பது இதில் கணக்கில்லை, ட்ரெய்லர் படகு வைத்திருப்பவரும் ஜெயிக்கலாம். புதன் இரவுக்குள் காலி இடம் எத்தனை என்று கேப்டன்கள் சொல்ல வேண்டும், வர விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்க வேண்டும். எரிபொருள் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளலாம். லாபம் வைத்து வாங்கினால் அது சார்ட்டர் (வாடகைப் படகுத் தொழில்) ஆகிவிடும், அதற்குத் தனி உரிமம் வேண்டும் என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

போர்ட் ஸ்டீபன்ஸ் பக்கம் இருக்கிறவர்கள், கிளப்பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இங்கேயே சொல்லுங்கள். ராட், ரீல், பெல்ட் எதுவும் கொண்டுவர வேண்டாம், படகில் இருக்கிறது. வழுக்காத செருப்பு, தொப்பி, முழுக்கைச் சட்டை போதும். குமட்டல் வருகிறவர்கள் மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு தேடாதீர்கள், முந்தின இரவே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.