412-க்கு இரண்டு ஆமவடை

குழு: பாளையங்கோட்டை குடும்பம்
ஞாயிற்றுக்கிழமை

கணேசன், காலை 7:12
(படம்)
வ.உ.சி. மைதானம். ஒரு மணி நேரம், 5 கிலோமீட்டர். வாட்ச் 412 கலோரி என்கிறது.

கார்த்திக், 7:15
சூப்பர் அப்பா. நானும் 18 கிலோமீட்டர் ஓடிவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன்.

மீனா, 7:40
அந்த 412-ம் வீடு வந்து சேரவில்லை. சட்டையில் எண்ணெய்க் கறைதான் வந்திருக்கிறது.

கணேசன், 7:43
இரண்டே இரண்டு ஆமவடை, ஒரு டீ. 412 போனது, 400 வந்தது, 12 லாபம். பேங்கில் 34 வருடம் கணக்கு எழுதியவன் நான்.

மீனா, 7:44
அப்புறம் ஏன் எடை மெஷின் ஆறு வாரமாக 84-லேயே நிற்கிறது?

கணேசன், 7:49
அதைத்தான் சுதாவிடம் கேட்க நினைத்தேன். சுதாம்மா, நடந்து செலவழித்த கலோரியைத் திரும்பச் சாப்பிடலாமா, கூடாதா? கலோரி எண்ணும் ஆப்பில் ஒரு நாளைக்கு 1,700 சாப்பிடலாம் என்று இருக்கிறது. நடந்துவிட்டு வந்தால் தானாகவே 2,112 ஆக்கிவிடுகிறது. அது கொடுப்பதைத்தான் சாப்பிடுகிறேன். நானாக எடுத்துக்கொள்ளவில்லை.

சுதா, 9:20
மாமா, இப்போதுதான் குளித்துவிட்டு வந்தேன். ஆப்பில் முதலில் சேரும்போது அன்றாட நடமாட்டம் எப்படி என்று கேட்டிருக்குமே, என்ன போட்டீர்கள்?

கணேசன், 9:22
ஓரளவு நடமாட்டம் உண்டு என்று போட்டேன். தினம் நடக்கிறேன் இல்லையா?

சுதா, 9:31
அங்கேதான் இடிக்கிறது. உங்களுக்கு 58 வயது, 168 சென்டிமீட்டர், 84 கிலோ. சும்மா படுத்துக் கிடந்தாலே உடம்புக்குச் சுமார் 1,600 வேண்டும். உட்கார்ந்தே இருப்பவருக்கு அதை 1.2-ஆல் பெருக்குவார்கள். சுமார் 1,925 வரும். ஓரளவு நடமாடுபவருக்கு 1.375. அது சுமார் 2,205. எடை குறைய அதில் 500 கழித்துத்தான் ஆப் உங்களுக்கு 1,700 கொடுத்திருக்கிறது.

சுதா, 9:33
அதாவது வாக்கிங்குக்காக 280 ஏற்கெனவே அந்த 1,700-க்குள் இருக்கிறது. அதன் மேல் வாட்ச் இன்னொரு 412 ஏற்றுகிறது. ஒரே செக்கை இரண்டு தடவை வரவு வைத்த மாதிரி.

கணேசன், 9:34
ஐயோ. ஆடிட்டில் மாட்டியிருப்பேனே.

சுதா, 9:41
அந்த 412-ம் அவ்வளவு இல்லை மாமா. சமதரையில் நடந்தால் ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, கூடுதலாகச் சுமார் அரை கலோரிதான் செலவாகும். 84-ஐ 5-ஆல் பெருக்கிப் பாதியாக்குங்கள். 210. அந்த ஒரு மணி நேரம் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாலும் ஒரு 84 போயிருக்கும். நிறைய வாட்ச்கள் அதையும் சேர்த்துக் காட்டுகின்றன. சேர்த்தாலும் 294தான் வருகிறது.

கார்த்திக், 9:44
நான் வாங்கிக் கொடுத்த வாட்ச் மதினி அது.

சுதா, 9:47
நாடித்துடிப்புக்கு நல்ல வாட்ச்தான். 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 60 பேர் கையில் ஏழு விதமான கருவிகளைக் கட்டிச் சோதித்தார்கள். துடிப்பை ஏழில் ஆறு சரியாகச் சொன்னன. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவிக்கே 27 சதவீதம் பிழை, மோசமானதற்கு 93. கருவிகள் அப்புறம் மாறிவிட்டன, சரி. ஆனாலும் அது அளப்பது துடிப்பையும் கையசைவையும்தான். கலோரி அதிலிருந்து போடும் ஊகம்.

மீனா, 9:50
இன்னொன்றையும் கணக்கில் சேர். வாக்கிங் போக ஆரம்பித்த பிறகு இவர் மாடிக்குத் துணி எடுக்கக்கூட ஏறுவதில்லை. நடந்த களைப்பாம். பதினோரு மணி வரை ஈஸி சேர்.

சுதா, 9:52
அத்தை, இதைத்தான் சொல்ல வந்தேன். நிறையப் பேருக்கு இது நடக்கிறது. காலையில் செலவழித்ததில் கொஞ்சத்தை மீதி நாள் முழுக்க அசையாமல் இருந்து மிச்சம் பிடித்துவிடுகிறோம், நமக்கே தெரியாமல்.

கணேசன், 9:58
சரி, இருங்கள், நானே ஐந்தொகை போடுகிறேன்.
செலவு: 1,925 + 210 = 2,135
வரவு: 1,700 + 400 = 2,100
வித்தியாசம் 35.
ஆறு வாரம், 42 நாள், 1,470. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 என்று நீ முன்பு சொன்னாய். அப்படியானால் ஆறு வாரத்தில் 190 கிராம்!

மீனா, 9:59
ஈஸி சேரைக் கழிக்கவில்லை.

சுதா, 10:04
இதெல்லாம் மதிப்பீடுதான், ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் மெஷினும் அதையேதான் சொல்கிறது. ஆப்பில் 'நடமாட்டம் குறைவு' என்று மாற்றுங்கள். 1,425 பக்கம் வரும். நடந்த நாளில் பசித்தால் 210-ல் பாதியைச் சாப்பிடுங்கள். ஒரு முட்டை, இல்லையென்றால் ஒரு கை சுண்டல், மோர். பசிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஆப்பில் எண் மிச்சம் இருக்கிறது என்பதற்காகச் சாப்பிட வேண்டாம். மூன்று வாரம் கழித்து எடையைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

கார்த்திக், 10:10
அப்படியென்றால் நானும் திரும்பச் சாப்பிடக் கூடாதா? அரை மாரத்தானுக்கு முன் மூன்று கிலோ குறைக்கலாம் என்று லாங் ரன் நாளிலும் இரண்டு இட்லியோடு நிறுத்துகிறேன். மதியம் தலைவலி, இரவு எட்டு மணிக்குப் பிரிட்ஜைக் காலி செய்கிறேன்.

சுதா, 10:16
நீ வேறு கேஸ். ஓட்டத்துக்கு ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி. 68-ஐ 18-ஆல் பெருக்கு. 1,200-க்கு மேல். அதை இரண்டு இட்லியால் அடைக்க முடியாது. அன்றைக்குப் பெரும்பகுதியைத் திரும்பச் சாப்பிட்டே ஆக வேண்டும், ஓடி முடித்த ஓரிரு மணி நேரத்திலேயே ஆரம்பித்து. சோறு, பருப்பு, முட்டை என்று ஒழுங்கான சாப்பாடு. எடை குறைக்கும் வேலையை ஓடாத நாட்களில் வைத்துக்கொள்.

விஜி, 10:20
மதினி, நான்? பாப்பாவுக்கு நாலு மாதம். பழைய சுடிதார் எதுவும் ஏறவில்லை.

சுதா, 10:22
நீ இந்தக் கணக்குக்குள் வரவே வேண்டாம். முதல் ஆறு மாதம் பால் கொடுப்பவருக்கு ஒரு நாளைக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரை. நட, நன்றாகச் சாப்பிடு. அந்த ஆப்பை அழித்துவிடு.

ஆறுமுகம், 10:35
சுதா, நானும் ஒன்று கேட்கிறேன். கணேசனைப் பார்த்து நானும் காலையில் நடக்கிறேன். சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு போனால் சீக்கிரம் இளைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். நேற்றுத் திரும்பும்போது கை நடுங்கி, சட்டை நனையும் அளவுக்கு வியர்த்தது. கடையில் சர்க்கரை போட்டு டீ குடித்ததும் சரியாகிவிட்டது.

கணேசன், 10:36
அண்ணாச்சி, இதை ஏன் நேற்றே சொல்லவில்லை?

சுதா, 10:37
பெரிய மாமா, மாத்திரை பேர் என்ன?

ஆறுமுகம், 10:41
கிளிமெபிரைடு என்று இருக்கிறது.

சுதா, 10:48
இதற்கும் எடைக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. அது காலைச் சாப்பாட்டோடு போட வேண்டிய மாத்திரை. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது இன்சுலினைச் சுரக்க வைக்கும். நடக்கும்போது தசையும் சர்க்கரையை இழுக்கும். இரண்டும் சேர்ந்துதான் நேற்று உங்களுக்குச் சர்க்கரை தாழ்ந்திருக்க வேண்டும். நாளை முதல் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுவிட்டு நடக்க வேண்டாம். நாளைக்கே டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள். அளவை மாற்றுவது அவர் வேலை, நீங்களாகக் குறைக்காதீர்கள்.

சுதா, 10:51
மறுபடியும் நடுக்கம், வியர்வை வந்தால் நின்றுவிடுங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து சுகர் பார்க்கும் மெஷினில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் இன்னொரு தடவை. சட்டைப் பையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். அந்தச் சர்க்கரையின் கலோரியை யாரும் எண்ணக் கூடாது.

ஆறுமுகம், 10:55
சரிம்மா. மதியமே டாக்டர் வீட்டுக்குப் போன் செய்கிறேன்.

மீனா, 10:56
அத்தான், நாளையிலிருந்து இவரும் உங்களோடு சேர்ந்தே வருவார். தனியாகப் போக வேண்டாம்.

புதன்கிழமை

கணேசன், காலை 7:30
5 கிலோமீட்டர். வாட்ச் 405. நான் எழுதியது 210. சாப்பிட்டது ஒரு முட்டை. அண்ணாச்சிக்கு மாத்திரை அளவைப் பாதியாக்கியிருக்கிறார் டாக்டர்.

மீனா, 8:05
டீக்கடைப் பையன் வாசலில் நிற்கிறான். "மூன்று நாளாக சாரைக் காணோம், உடம்புக்குச் சுகமில்லையா?" என்று விசாரிக்கிறான். கையில் ஒரு பொட்டலம்.

கணேசன், 8:06
சுதாம்மா, இதை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது?