எவன்ஸ் கேம்பிட்: 100 ஆட்டம், ஒரு சமநிலைகூட இல்லை, முடிவு மட்டும் 50–50. எங்கே பிழை?

வெள்ளவத்தைக் குதிரை (கேட்டவர்)

வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக் கொடுக்கிறேன். அதில் 13 வயதுப் பிள்ளை ஒருத்தி, 1995இல் ரீகாவில் கஸ்பரோவ் ஆனந்தை 25 நகர்வில் வென்ற ஆட்டத்தைப் பார்த்த நாளிலிருந்து எவன்ஸ் கேம்பிட்டைத் தவிர வேறொன்றும் ஆட மாட்டேன் என்று நிற்கிறாள். இ4 இ5, குதிரை எஃப்3 குதிரை சி6, மந்திரி சி4 மந்திரி சி5, நாலாவது நகர்வில் பி4 என்று சிப்பாயைத் தியாகமாக நீட்டிவிடும் தொடக்கம் அது. பாடசாலைப் போட்டிக்கு இதை நம்பி அவளை அனுப்பலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த மேட்சை ஓட்டினேன்.

எஞ்சின்களை (செஸ் ஆடும் கணினி நிரல்களை) மோதவிடும் கியூட் செஸ் மென்பொருளில், ஸ்டொக்ஃபிஷ் எஞ்சினின் ஒரே பதிப்பை ‘ஒன்று’, ‘இரண்டு’ என்று இரு பெயரில் சேர்த்தேன். தொடக்கக் கோப்பில் பி4 வரை ஒரே ஒரு வரிசை. திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் கணக்கு ஓட்டம்) 1, ஆழம் (எத்தனை நகர்வு முன்னே தேடுவது) 12, ஆட்டத்துக்கு ஆட்டம் நிறம் மாறும். ஒன்றுக்கு 50 வெற்றி, இரண்டுக்கு 50 வெற்றி, சமநிலை 0. மறுபடி ஓட்டினாலும் அதே கணக்கு. தொடக்கம் இரு பக்கமும் சமம் என்றால் சமநிலை ஒன்றாவது வர வேண்டாமா?

கொட்டாஞ்சேனைக் கோட்டை

அண்ணா, அட்டவணையை மூடிவிட்டு ஆட்டப் பதிவுக் கோப்பைத் திறந்து, முதலாவது ஆட்டத்தையும் இரண்டாவது ஆட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசி நகர்வுவரை பாருங்கள்.

வெள்ளவத்தைக் குதிரை

பார்த்தேன். இரண்டும் ஒரே ஆட்டம்! பதினேழாவதும் அதுதான், நூறாவதும் அதுதான். எல்லாவற்றிலும் கறுப்புத்தான் வெல்கிறது.

கொட்டாஞ்சேனைக் கோட்டை

அதேதான். ஒற்றைத் திரெட்டில் ஆழத்தை மட்டும் கட்டிவைத்தால், ஒரே நிலைக்கு ஸ்டொக்ஃபிஷ் எப்போதும் ஒரே விடையைத்தான் தரும். இரு பக்கமும் அதே எஞ்சின், தொடக்கமும் ஒன்று. நீங்கள் 100 ஆட்டம் ஓட்டவில்லை, ஓர் ஆட்டத்தை 100 தரம் ஓட்டியிருக்கிறீர்கள்.

50–50 வந்த காரணம் இன்னும் முக்கியம். அட்டவணை எண்ணுவது எஞ்சினின் புள்ளியை, நிறத்தின் புள்ளியை அல்ல. கறுப்பு எல்லாவற்றையும் வென்றது, கறுப்பில் இருவரும் பாதிப் பாதி உட்கார்ந்தார்கள், ஆகவே 50–50. வெள்ளை 100க்கு 0 என்று தோற்ற மேட்சைத்தான் அட்டவணை உங்களுக்குச் சமம் என்று காட்டியிருக்கிறது. தொடக்கத்தைச் சோதிக்கிறீர்கள் என்றால் கோப்பில் வெள்ளை வென்றது எத்தனை, கறுப்பு வென்றது எத்தனை, சமநிலை எத்தனை என்று நீங்களே எண்ண வேண்டும்.

செய்ய வேண்டியது: ஆழத்தை எடுத்துவிட்டு நேரம் கொடுங்கள், ஆட்டத்துக்கு 1 நிமிடம், நகர்வுக்கு 1 விநாடி கூடுதல். கோப்பில் 25 வரிசையாவது வேண்டும். சிப்பாயை வெட்டி, சி3 வந்ததும் கறுப்பு மந்திரி ஏ5, இ7, சி5, டி6 என்று நாலு இடத்துக்குப் போகும். வெட்டாமல் பி6க்குப் பின்வாங்குவதும் உண்டு. ஒவ்வொன்றையும் ஏழு எட்டு நகர்வுவரை கிளை பிரித்து எழுதுங்கள்.

வெள்ளவத்தைக் குதிரை

இரவு முழுக்க இருந்து 25 வரிசை எழுதி ஓட்டினேன். இப்போது ஆட்டங்கள் வேறு வேறு, சமநிலையும் நிறைய. ஆனால் பதினொரு ஆட்டம் ‘நேரம் முடிந்து தோல்வி’ என்று வந்திருக்கிறது. அதில் ஒன்றில் வெள்ளை நன்றாக வெல்லும் நிலையில் இருந்தது. ஒரே நேரத்தில் 8 ஆட்டம் ஓட விட்டேன். லப்டொப் 4 கோர் (செயலியில் கணக்குப் போடும் பகுதி), 8 திரெட்.

நள்ளிரவுச் சிப்பாய்

தம்பி, 8 ஆட்டம் அந்த லப்டொப்புக்கு அதிகம். கணினி காட்டும் 8இல் மெய்யான கோர் நாலுதான். ஓர் எஞ்சின் யோசிக்கும் நேரத்தில் மற்றொன்று கோரைப் பிடித்துக்கொண்டால் இதன் கடிகாரம் வீணே ஓடும். 3 ஆட்டமாகக் குறையுங்கள், ஒரு கோர் சிஸ்டத்துக்கு இருக்கட்டும். எதிராளியின் நேரத்தில் யோசிப்பதை நிறுத்திவையுங்கள். நேர அமைப்பில் சில நூறு மில்லி விநாடி சலுகை கொடுக்கலாம். கொழும்பு வெக்கையில் லப்டொப்பை மெத்தையில் வைத்து ஓட்டாதீர்கள். சூடேறினால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், பிறகு விடியற்காலை ஆட்டத்துக்கும் மத்தியான ஆட்டத்துக்கும் பலம் ஒன்றாக இராது. நேரத்தில் தோற்ற ஆட்டங்களை எறிந்துவிட்டு முழுவதையும் மறுபடி ஓட்டுவதுதான் சரி.

இன்னொன்று. 100 ஆட்டத்தில் பாதி சமநிலை என்று வைத்தாலும் வெள்ளையின் சதவீதம் ஏறத்தாழ 7 புள்ளி அங்கும் இங்கும் ஆடும். 46, 53 என்று வருவதைக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைக்கு உதவப்போவது மொத்தக் கணக்கைவிட, எந்தக் கிளையில் வெள்ளை திரும்பத் திரும்ப மாட்டுகிறது என்பதுதான். மந்திரி ஏ5 கிளையை முதலில் பாருங்கள்.

வெள்ளவத்தைக் குதிரை

நன்றி ஐயா. மரமேசை, பக்கத்தில் ஃபேன், 3 ஆட்டம் வீதம் 200 ஆட்டம் முடித்தேன். நேரத்தில் ஒன்றும் தோற்கவில்லை. பெரும்பாலானவை சமநிலை, வெற்றிகளில் கறுப்பின் கை ஓங்கியிருக்கிறது.

நீங்கள் சொன்ன ஏ5 கிளையில் பிடித்துவிட்டேன். ஆறாவது நகர்வில் டி4 டி6, வெள்ளை கோட்டை கட்டியதும் மந்திரி பி6. இது முன்னாள் உலகச் சாம்பியன் லாஸ்கர் காட்டிய தற்காப்பு. கறுப்பு வாங்கிய சிப்பாயைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது: டி4 சிப்பாய் இ5இல் வெட்ட, டி6 சிப்பாய் திரும்ப வெட்ட, டி8இல் ராணிகள் இரண்டும் போய், வெள்ளைக் குதிரை இ5ஐ எடுத்துக்கொள்ள, கறுப்பு மந்திரி இ6இல் வந்து நிற்கிறது. ஆளுக்கு ஆறு சிப்பாய். ஆனால் வெள்ளையின் ஏ2வும் சி3யும் துணையில்லாமல் தனித்தனியாக நிற்கின்றன. அதற்கு மேல் வெள்ளை அந்த இரண்டையும் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பிள்ளையிடம் பலகையில் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, “ராணி இல்லாமல் எப்படி சேர் தாக்குறது?” என்றாள்.

கொட்டாஞ்சேனைக் கோட்டை

அதற்கு வழி இருக்கிறது அண்ணா. டி6 வந்ததும் கோட்டை கட்டாமல் ஏழாவதில் ராணியை பி3க்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். எஃப்7இல் அழுத்தம் விழும், டி8இல் ராணி மாற்றும் பேச்சும் இல்லை. கறுப்பு பெரும்பாலும் ராணியை டி7இல் வைத்துக் காக்கும், அங்கே அவளுக்கு விளையாட்டு இருக்கிறது. கஸ்பரோவ் ஆனந்துடன் ஆடியது மந்திரி இ7 கிளை: டி4க்குக் கறுப்புக் குதிரை ஏ5, அதற்கு வெள்ளை மந்திரி அமைதியாக இ2க்குத் திரும்பியது. இரண்டு கிளைக்கும் பத்துப் பத்து வரிசை எழுதித் தனித்தனியே ஓட்டுங்கள்.

வெள்ளவத்தைக் குதிரை

ராணி பி3 கிளை இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. ஞாயிறு அவளோடு அதிலிருந்துதான் தொடங்கப் போகிறேன். கேட்டதற்கு விடை கிடைத்துவிட்டது, இழையைத் தீர்ந்தது என்று குறித்துவிடுகிறேன்.