பெட்ரோல் பிக்கப்பில் கேரவன் டிரெய்லர்: கொடைக்கானல் ஏற்றம் தாங்குமா?

காரைக்குடி_பயணி: அண்ணே, மேனுவல் கியர் பெட்ரோல் பிக்கப். டிரெய்லர் சாமானோடு 1,200 கிலோ. மதுரை, வத்தலக்குண்டு வழியாக் கொடைக்கானல் போகணும். 70ஐத் தாண்டினா டிரெய்லர் வாலாட்டுது. ஹிட்ச்சை, அதான் பிக்கப் பின்னால டிரெய்லரை மாட்டுற இணைப்பை, மாத்தணுமா?

தேவகோட்டை_மெக்கானிக்: ஹிட்ச்சை விடுங்க தம்பி, முதல்ல மூக்கு எடையைப் பாருங்க. அதாவது டிரெய்லரோட முன்முனையில இருக்குற கப்ளர் (மாட்டுற கிண்ணம்) ஹிட்ச் பந்துமேல இறக்குற எடை. அது டிரெய்லர் மொத்த எடையில 10 முதல் 15 சதவீதம் இருக்கணும். உங்களுக்கு 120 முதல் 180 கிலோ. சமதளத்துல கழற்றி, பந்து இருக்கும் உயரத்துலயே மூக்கைத் தராசுமேல இறக்கினா தெரிஞ்சிடும். உங்க ஹிட்ச் அந்த எடைக்கு அனுமதிச்சதான்னும் பாருங்க. டிரெய்லர் சக்கர அச்சுக்குப் பின்னால தண்ணி டேங்கோ கேஸ் சிலிண்டரோ இருந்தா மூக்கு லேசாகி ஆட்டம் வரும். கனமான சாமானை அச்சுக்குச் சற்று முன்னால, தரையோட கட்டுங்க. ஆட ஆரம்பிச்சா வண்டி பிரேக்கை மிதிக்காதீங்க. ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேரா பிடிங்க. டிரெய்லருக்குத் தனி பிரேக் கன்ட்ரோலர் இருந்தா அதை மட்டும் லேசா இழுங்க.

கானாடுகாத்தான்_வண்டி: ஏற்றத்துல பெட்ரோல் இன்ஜினைத் திணற விடாதீங்க. டீசல் மாதிரி கீழ் ஆர்பிஎம்ல (இன்ஜின் நிமிஷத்துக்குச் சுத்துற எண்ணிக்கை) இழுக்காது. கியரைக் குறைச்சு 3,000க்கு மேல ஓட்டுங்க, சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். டெம்பரேச்சர் முள் ஏறினா ஏசியை நிறுத்துங்க. என் கவலை இறக்கம்தான். டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இல்லாம 1,200 கிலோவோட மலை ஏறவே ஏறாதீங்க. பிக்கப் பிரேக் சூடேறி பிடிக்காமப் போயிடும்.

காரைக்குடி_பயணி: டேங்க் பின்னாலதான் இருக்கு. காலி பண்ணி எடை போடறேன்.

தேவகோட்டை_மெக்கானிக்: பாதுகாப்புச் சங்கிலியை மூக்குக்கு அடியில குறுக்கா மாட்டுங்க, கப்ளர் கழன்டா தாங்கும்.