மோக்கா பாட் என்ற காபிப் பாத்திரத்தில் காபி போட்டவர்கள் சொல்லுங்கள்

காட்பாடியிலிருந்து:

1933இல் இத்தாலியில் அல்ஃபோன்சோ பியாலெட்டி கொண்டுவந்த அதே எட்டுப்பட்டை அலுமினியப் பாத்திரம்தான் எங்கள் வீட்டிலும். கீழே கொதிக்கும் தண்ணீர் ஆவி அழுத்தத்தில் நடுவில் உள்ள தூள் வழியாக மேலே ஏறும். இதில் எஸ்பிரெஸோ வரும் என்று சொல்லி விற்கிறார்கள், நம்பாதீர்கள். கடை மெஷினில் சுமார் 9 பார் அழுத்தம், இதில் 1, 2 பார் வந்தாலே அதிகம். மேலே நுரை நிற்காது. ஆனால் கெட்டியான, கசப்பு தூக்கலான டிகாக்‌ஷன் சீக்கிரம் கிடைக்கும். பில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

தூள்தான் விஷயமே. சிக்கரி கலந்தது என்றால் ஊறி அடைத்துக்கொள்கிறது. பாதிதான் மேலே ஏறும், மீதி பக்கவாட்டில் சீறும். காபித்தூள் கடையில் சிக்கரி வேண்டாம் என்றால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். பீபெரி காபிக்கொட்டையைத் தூள் உப்பு அளவுக்கு அரைத்துத் தரச் சொல்லுங்கள்.

கீழ்ப் பாதியில், பக்கவாட்டில் உள்ள ஆவி வால்வுக்குக் கீழே நிற்கும்படி சுடுதண்ணீர் ஊற்றுங்கள். தூளை நிரப்பி விரலால் வழித்துவிட்டால் போதும், பில்டரில் அமுக்குவதுபோல் அமுக்கக் கூடாது. துணி பிடித்து இறுக்கிச் சின்ன பர்னரில் சிம்மில் வையுங்கள். மூடியைத் திறந்தே வைத்தால் கருப்பாக வழிந்து வருவது தெரியும். நிறம் வெளுத்து, கடகடவென்று சத்தம் கிளம்பியதும் இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் வருவது வெறும் கசப்பு.

சத்துவாச்சாரியிலிருந்து:

காட்பாடிக்காரர் சொன்னது சரி. ஆனால் இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் உள்ளவர்கள் அலுமினியம் வாங்காதீர்கள், சூடே ஏறாது. ஸ்டீலில் இண்டக்‌ஷனுக்கென்றே வருவதைப் பார்த்து வாங்குங்கள். கேஸ் அடுப்பிலும் சின்ன பாட் கம்பிகளுக்கு நடுவே சாயும். பர்னர் மேலே ஒரு கம்பி வலை போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் போர் தண்ணீரில் உள்ளே வெள்ளையாகப் படிகிறது. அது வால்வை அடைத்தால் ஆபத்து, அதனால் கேன் தண்ணீர்தான்.

குடியாத்தத்திலிருந்து:

எங்கள் அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "ஸ்ட்ராங்கு சரி, மணம் பில்டர்லதான்" என்றார். எனக்கும் காலை காபிக்குப் பில்டர்தான். கத்திரி வெயிலில் மத்தியானம் இந்த டிகாக்‌ஷனை ஐஸ் மேல் ஊற்றிப் பச்சைப்பால் விட்டால், அதற்கு ஈடு இல்லை. அப்புறம் ஒரு கேள்வி. ரப்பர் வாஷர் காய்ந்து விரிசல் விட்டுவிட்டது. வேலூர் லாங் பஜாரில் குக்கர் கேஸ்கட்தான் எல்லா அளவிலும் கிடைக்கிறது, இதற்கு இல்லை. எங்கே கிடைக்கும்?