கருப்பட்டி காய்ச்சிய எங்கள் பெரியம்மா: அவர் வேலை தெரிந்தவர்கள் எழுதுங்கள்

தங்கை மகன்:
பெரியம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்ததற்கு அடித்த நோட்டீஸில் "பாசமிகு தாய், சபையின் மூத்த அங்கத்தினர்" என்று ஒரு வரி இருக்கிறது. நோட்டீஸ் என்றால் அவ்வளவுதான் இருக்கும். தூத்துக்குடி மாவட்டத்து மெஞ்ஞானபுரம் கிறிஸ்தவ ஆலயத்தின் 192 அடிக் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற செம்மணல் தேரிக்காட்டு ஊரில், விடிலிக்கும் (பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசை) கோயிலுக்குமாக நடந்தே ஐந்து பிள்ளைகளை ஆளாக்கியவர். பேத்திமாரில் ஒருத்திகூட விடிலியைக் கண்டதில்லை. அழுது முடித்தாகிவிட்டது. அவர் எதை எப்படிச் செய்தார், என்ன அளவு, எங்கே கெடும் என்று தெரிந்ததை எழுதுங்கள். அவரவர் கதை வேண்டாம்.

விடிலியில் கூட நின்ற மைனி:
மாசிக் கடைசியில் அடுப்பு பற்றினால் ஆடிவரை அணையாது. பதநீர் வந்ததும் முதலில் பன்னாடையில் (பனை மட்டையடியில் இருக்கிற வலை மாதிரி நார்) வடிப்பார்கள், பிறகு துணியில். ஈயும் எறும்பும் பன்னாடையில் நின்றுவிடும், பாளைத் தூள் துணியில் நிற்கும். வடித்ததைக் கொஞ்ச நேரம் அசைக்காமல் வைத்தால் கலயத்தில் தடவின சுண்ணாம்பு அடியில் இறங்கும். தெளிவை மட்டும் சட்டியில் ஊற்றுவார்கள். அடிமண்டியை மாட்டுக்குக்கூட வைக்க மாட்டார்கள், தூரக் கொட்டிவிடுவார்கள்.

சட்டியில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. கொதி ஏறினால் நுரை பொங்கி அடுப்பை அணைத்துவிடும். பொங்கும்போது ஆமணக்கு முத்து ரெண்டு மூணைத் தட்டிப் போடுவார்கள், எண்ணெய் பட்டதும் நுரை அமுங்கும். அதிகம் போட்டால் கருப்பட்டியில் எண்ணெய் வாடை நிற்கும். விறகு முதலில் உடைமுள், பனமட்டை. பதநீர் பாகாகச் சுண்டிக் கூப்பனி ஆனபிறகு காய்ந்த ஓலை மட்டும்தான். ஓலைத்தீயை இழுத்தால் உடனே இறங்கும், மட்டைக் கங்கு இறங்காது. பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். கூப்பனியில் கங்கு மிஞ்சினால் அடி தீய்ந்து மொத்தச் சட்டியும் கசந்துபோகும்.

பதம் பார்க்கச் சிரட்டையில் தண்ணீர் வைத்து ஒரு சொட்டு விடுவார்கள். கரைந்தால் பதமில்லை. விரலுக்குள் உருண்டு, சிரட்டையில் தட்டினால் "டிக்" என்று சத்தம் வந்தால் இறக்கவேண்டியதுதான். இறக்கியதும் ஊற்றிவிட மாட்டார்கள். சட்டி ஓரத்தில் துடுப்பால் தேய்த்துத் தேய்த்துக் கிண்டுவார்கள். நிறம் வெளிறி, மணல் மாதிரிக் குருணை தட்டும். அப்போதுதான் சிரட்டை. சிரட்டையை முன்னாலேயே தண்ணீரில் ஊறப்போட்டு, ஈர மணலில் வாய் மேலே இருக்க வரிசையாகப் பதித்து வைத்திருக்கவேண்டும். காய்ந்த சிரட்டையில் ஊற்றினால் ஒட்டிக்கொண்டு வராது, உடைத்துத்தான் எடுக்கணும்.

பத்து லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோ கிடைக்கும். நல்ல பதநீர் என்றால் கொஞ்சம் கூட.

பனை ஏறிய மச்சான்:
மைனி எழுதியது சரி. ஆனால் பாதிக் கருப்பட்டி மரத்திலேயே முடிவாகிவிடும். பாளையில் கட்டிப் பதநீர் பிடிக்கிற கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவதில்தான் விஷயம். பூச்சு குறைந்தால் மரத்திலேயே புளித்துக் கள்ளாகத் திரும்பும், எவ்வளவு காய்ச்சினாலும் இறுகாது, பிசினாக இழுக்கும். கூடிப்போனால் கருத்து, நாக்கில் கார்ப்பு ஏறும். அக்கா (உங்கள் பெரியம்மா) கலயத்தை வாங்கியதும் மோந்து பார்ப்பாள். சந்தேகம் வந்தால் மஞ்சள் துண்டில் ஒரு சொட்டு. சிவந்தால் சுண்ணாம்பு பிடித்திருக்கிறது. மஞ்சளாகவே இருந்தால் புளிப்பு தொடங்கிவிட்டது. அந்தக் கலயத்தை மற்றதோடு சேர்க்கவே மாட்டாள். ஒரு புளித்த கலயம் ஒரு சட்டியைக் கெடுக்கும். அவள் வீட்டுக்கார அத்தான் பனையிலிருந்து களைத்துப்போய் இறங்கியிருந்தாலும் இதில் தாட்சண்யம் கிடையாது.

பக்கத்து வீட்டு அத்தை:
ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை யாராவது எழுதுவீர்கள் என்று பார்த்தேன். அந்தப் பக்கத்தில் இது பழைய சிக்கல். மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் காலத்தில், 1847இல் மெஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயம் பிரதிஷ்டை ஆனபோதும் சபையில் பனைத்தொழில் குடும்பங்கள் ஏராளம். பதநீர் வடிகிற பாளைக்கு ஓய்வுநாள் தெரியாது. சீவாமல் விட்டால் வாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். பதநீரும் திங்கள்வரை காத்திருக்காது.

மதினி (உங்கள் பெரியம்மா) செய்தது இது. விடியுமுன் இறங்கிய பதநீரை வடித்து, நன்றாகத் தளதளவென்று பத்து நிமிஷம் கொதிக்கவிடுவார்கள். ஒரு தரம் கொதித்தால் மத்தியானம்வரை புளிக்காது. முதல் மணி அடிக்கும்போது விறகை வெளியே இழுத்து, கங்கைச் சாம்பலால் மூடி, சட்டிமேல் ஓலைத்தட்டி சாத்திவிடுவார்கள். இரும்பு மூடி போட்டால் ஆவி தண்ணீராக உள்ளேயே சொட்டும். ரெண்டாம் மணிக்குப் பெண்கள் பக்கம் மூணாவது பாயில் இருப்பார்கள். ஆராதனை முடிந்து வந்து மிச்சத்தைக் காய்ச்சுவது. இப்படி நிறுத்திக் காய்ச்சிய கருப்பட்டி ஒரு மாற்றுக் கறுப்பாக வரும். அதை வியாபாரிக்குப் போகிற பெட்டியில் கலக்காமல் வீட்டுக் காப்பிக்கு வைத்துக்கொள்வார்கள். பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு முதல் மூன்றுவரை மும்மணி ஆராதனை. அன்றைக்கும் இதே ஏற்பாடுதான்.

முதல் சட்டிக் கருப்பட்டி முதற்பலனாகக் கோயிலுக்கு. ஏலத்தில் யார் எடுத்தாலும் நல்ல சரக்காக இருக்கவேண்டும் என்று அதில் வெளிறின உருண்டையாகத்தான் பொறுக்குவார்கள்.

மூத்த மகள்:
பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் பிடி அரிசி. உலையில் போடுமுன் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பிடி தனிப் பானையில். ரெண்டு வேளை உலை என்றால் வாரத்துக்கு முக்கால் கிலோ வரும். அளந்தபிறகு எடுக்கவேண்டும், அளக்குமுன் எடுத்தால் அது கொடுத்ததாகாது என்பாள். வீட்டுச் சோறுதான் ஒரு பிடி குறையணுமாம்.

பிள்ளைகள் விஷயத்தில் அம்மா பெரிதாகக் கொஞ்சினதில்லை. அடுப்பைச் சுற்றி ரெண்டு முழம் தள்ளி மணலில் குச்சியால் ஒரு கோடு இழுப்பாள். துடுப்பு கையிலிருக்கும்போது கோட்டைத் தாண்டினால் அடிதான். காரணம் உண்டு. தண்ணீர் சுட்டால் வழிந்துவிடும், பதத்துக்கு வந்த கூப்பனி தோலில் ஒட்டிக்கொண்டே சுடும். தெறித்துவிட்டால் பிய்த்து எடுக்காதே, தோலும் சேர்ந்து வரும். சாதாரணத் தண்ணீரை இருபது நிமிஷம் ஊற்று. இறுகினது தானாகக் கரையும். மை, மாவு, பற்பசை எதுவும் கூடாது.

ஆடிக்குப் பிறகு ஓலைப்பெட்டி முடைவாள். எங்கள் பள்ளிக்கூடச் சாமான் வாங்கினது பெரும்பாலும் அந்தப் பெட்டிக் காசில்.

தங்கை மகன்:
மூணாவது பாய் என்றதும் குருத்தோலை ஞாயிறு வந்துவிட்டது. சபைக்கு வேண்டிய ஓலைச் சிலுவையில் பாதி அவர் கை மடித்தது. யாருக்காவது மடிப்பு ஞாபகம் இருக்கிறதா?

மூத்த மகள்:
இருக்கு தம்பி. குருத்தைச் சனிக்கிழமை சாயங்காலம்தான் வெட்டணும். முன்னாலேயே வெட்டினால் காய்ந்து மடிப்பில் முறியும். ஈர்க்கை உரித்துவிட்டு, ஈரச்சாக்கில் சுற்றி வை. ஒரு விரல் அகலம், ஒரு முழ நீளம். முக்கால்வாசியில் பின்னுக்கு மடக்கி, மடங்கின இடத்திலிருந்து நாலு விரல் விட்டு, நீள வாலை வலப்பக்கம் திருப்பு. மூணு விரல் போனதும் இடப்பக்கம் மடக்கு, அங்கேயும் மூணு விரல் விட்டுத் திரும்பி வா. நடுவில் குறுக்காக ஒரு சுற்று, பிறகு அடுத்த குறுக்கு. நுனியைப் பின்பக்கச் சுற்றுக்குள் செருகி இழு. பசையோ நூலோ வேண்டாம். மடக்குமுன் ஓலையை நகத்தால் நீவிவிட்டால் தளராது.

பேத்தி:
ஆச்சியின் கருப்பட்டி நாலு உருண்டை டப்பாவில் இருக்கிறது. மேலெல்லாம் ஈரமாகக் கசிகிறது. கெட்டுப்போச்சா? அடுத்த பருவத்தில் கேஸ் அடுப்பில் நாங்களே காய்ச்சலாமா?

விடிலியில் கூட நின்ற மைனி:
கெடவில்லை மக்கா. காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மழைக்காலத்தில் எல்லாக் கருப்பட்டியும் கசியும். டப்பாவை விட்டு எடு. ஆச்சி ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைப்பாள், புகையும் சூடும் ஈரத்தை எடுத்துவிடும். உனக்குப் பரண் இல்லை. வெயிலில் ஒரு மணி நேரம் துணி மூடிக் காயவைத்து, தாளில் சுற்றி அரிசிக்குள் புதைத்து வை. வெயிலில் நாள் பூராவும் விடாதே, இளகிவிடும். புளிப்பு வாடையோ நுரையோ வந்தால் மட்டும் தூக்கிப் போடு.

கேஸில் தாராளமாகக் காய்ச்சலாம். அஞ்சு லிட்டருக்கு மேல் எடுக்காதே, பாத்திரம் பதினைந்து லிட்டர் பிடிக்கணும், அடி கனமாக இருக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கூப்பனி ஆனதும் தீயைச் சிம்மில் வைத்துவிட்டு அந்த இடத்தைவிட்டு நகராதே, போனைக் கையில் எடுக்காதே. அரைக் கிலோ வரும். பதநீர் அன்றைக்கு இறக்கினதா என்று மட்டும் கேட்டு வாங்கு. மஞ்சள் துண்டு ஒன்றையும் கையோடு கொண்டு போ.