பழைய பீரோ கண்ணாடியை வீட்டிலேயே வெட்டும்போது ரசம் கெடாமல் இருக்க என்ன செய்வது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுப் பழைய இரும்பு பீரோவின் கதவிலிருந்த ஆளுயரக் கண்ணாடியின் கீழ் மூலையில் அடிபட்டு, அங்கிருந்து ஏறக்குறைய 8 அங்குலத்துக்கு விரிசல் ஓடிவிட்டது. மேற்பகுதியில் சிறு கீறல்கூட இல்லாததால் தூக்கிப் போட மனம் வரவில்லை. அதன் அகலம் 14 அங்குலம், உயரம் 48 அங்குலம், தடிமன் 4 மில்லிமீட்டர். கைகழுவும் தொட்டிக்கு மேலே மாட்டுவதற்காக 12க்கு 20 அங்குலத் துண்டு ஒன்றை நானே வெட்டி எடுக்க விரும்புகிறேன். ஜன்னல் கண்ணாடி வெட்டிய பழக்கம் உண்டு. முகம் பார்க்கும் கண்ணாடியை வெட்டியதில்லை. எந்தப் பக்கம் கோடு போடுவது, பின்புற ரசம் உரியாமல் காப்பது எப்படி, அந்த ரசத்தில் பாதரசம் இருக்குமா? வீட்டில் சிறு குழந்தை இருப்பதால், கடைசிக் கேள்விக்கு விடை தெரிந்த பின்பே கட்டரைக் கையில் எடுப்பேன்.

பதில் 1

ஐயா, கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். வெள்ளீயத் தகட்டின் மேல் பாதரசத்தைப் பரப்பிக் கண்ணாடி செய்த காலம் ஒன்று இருந்தது. 1835இல் ஜெர்மானிய வேதியியலாளர் யூஸ்டுஸ் ஃபொன் லீபிக் கண்ணாடியின் மேல் வெள்ளியைப் படிய வைக்கும் முறையைக் கண்டறிந்தார்; அதன் வழிவந்த முறைகள் பரவியபின் பாதரச முறை மெல்ல மறைந்தது. உங்கள் பீரோ கண்ணாடியில் பாதரசத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அந்தப் படலத்தைக் காக்கப் பின்னால் அடிக்கும் பெயிண்டில், பழைய கண்ணாடிகளில் ஈயம் கலந்திருப்பது வழக்கம். ஆகவே அதைச் சுரண்டிப் பொடியாக்காதீர்கள். வேலை முடிந்ததும் தரையை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் எறிந்துவிடுங்கள்.

கோடு போட வேண்டியது முகம் தெரியும் பக்கத்தில்தான். பெயிண்டின் மேல் உருட்டினால் கட்டரின் சக்கரம் கண்ணாடியைத் தொடாமலே போய்விடும். மேசைமேல் மடிப்பில்லாத போர்வையை விரித்து, மணல் துகள் ஒன்றுகூட இல்லை என்று தடவிப் பார்த்தபின், ரசப் பக்கம் கீழே இருக்கும்படி கிடத்துங்கள். கோடு விழும் இடத்தை நன்றாகத் துடைத்து, சக்கரத்தில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் வையுங்கள்.

முதலில் மேல் விளிம்பிலிருந்து 20 அங்குலத்தில் குறுக்கே வெட்டுங்கள். விரிசலின் நுனி அங்கிருந்து வெகு தொலைவில் இருப்பதால் முறிவு அதை நோக்கித் திரும்பாது. பிறகு 14 அங்குல அகலத்தை 12 ஆக்குங்கள். கழியும் பட்டை 2 அங்குலம் இருப்பதால் இரு கையாலும் பிடித்து முறிக்கலாம். அரை அங்குலப் பட்டையாக இருந்திருந்தால் குறடு தேவைப்பட்டிருக்கும். அளவுகோலைக் கோட்டின் மேலேயே வைத்துவிடாதீர்கள். கட்டர் தலையின் ஓரத்துக்கும் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியை உங்கள் கருவியிலேயே அளந்து, அந்த அளவு தள்ளி வையுங்கள்.

கட்டரைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை ஒரே அழுத்தத்தில், ஒரே ஒரு முறை இழுங்கள். சீரான ‘சிர்ர்’ ஒலி கேட்டால் கோடு சரியாக விழுகிறது. வெள்ளைப் பொடி உதிர்ந்தால் அழுத்தம் கூடிவிட்டது. ஒலி இடையில் விட்டுப்போனாலும் அதே கோட்டில் மறுபடி உருட்டக் கூடாது, ஏனென்றால் முதல் கோடு உண்டாக்கிய நுண்விரிசலின் ஓரங்கள் சிதைந்து, முறிவு எங்கே ஓடும் என்று சொல்ல முடியாமல் போகும். கோடு போட்ட கையோடு, அதன் இரு முனைகளுக்கும் நேர் கீழே ஒவ்வொரு தீக்குச்சியை வைத்து, இருபுறமும் உள்ளங்கையால் அழுத்துங்கள்.

முறிந்தபின்னும் பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுத்துப் பிய்க்காமல் பிளேடால் அறுத்துவிடுங்கள். கையுறை, கண்காப்பு, மூடிய காலணி ஆகிய மூன்றும் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

பதில் 2

முன்னவர் கூறியவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். டஃபன்டு கண்ணாடியில் (சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து உறுதியாக்கிய கண்ணாடியில்) கோடு போட்டு முறிக்க முயன்றால் அது முழுவதுமாகச் சிறு மணிகளாகச் சிதறிவிடும். உங்களுடையது ஒரு மூலையில் விரிசல் விட்டும் ஒரே பலகையாக நிற்பதே அது சாதாரணக் கண்ணாடி என்பதற்குச் சான்று. ஆனாலும், சட்டமில்லாமல் வெறும் விளிம்பு வெளியே தெரிய மாட்டப் போகிறீர்கள் என்றால் கடையில் கொடுத்து விளிம்பை மெஷினில் பாலிஷ் போடச் சொல்லுங்கள் என்பதே என் கருத்து. குழந்தை உள்ள வீட்டில் கைத்தேய்ப்பை மட்டும் நம்பிவிட முடியாது.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தேக்குச் சட்டத்துக்குள் வைக்கவே எண்ணியிருக்கிறேன். தண்ணீர் தெறிக்கும் இடம் என்பதால், சில ஆண்டுகளில் விளிம்பிலிருந்து கறுத்துக்கொண்டு வருமோ என்பதுதான் இப்போதைய கவலை.

பதில் 1

அந்தக் கவலை சரியானதே. வெட்டிய விளிம்பில் வெள்ளிப் படலம் காற்றுக்கும் ஈரத்துக்கும் நேராகத் திறந்து கிடக்கிறது, கறுப்பு அங்கேதான் தொடங்கும். 220 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, ரசப் பக்கத்திலிருந்து முகப்பை நோக்கி மட்டும் தேயுங்கள். எதிர்த் திசையில் தேய்த்தால் பெயிண்ட் விளிம்போடு பெயர்ந்து வரும். ஒரு நாள் காயவிட்டு, விளிம்பிலும் பின்புற ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கும் எண்ணெய் பெயிண்ட் இரண்டு கோட் அடியுங்கள். சிலிக்கான் பசை வாங்கினால் காடி நெடி அடிக்கும் வகையை வாங்காதீர்கள். அதிலிருந்து வெளியாகும் அசிட்டிக் அமிலம் வெள்ளியை அரிக்கும், நியூட்ரல் என்று அச்சிட்டதே வேண்டும். சட்டத்தின் உள்ளளவைக் கண்ணாடியைவிட ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கூடுதலாக வைத்து, அடியில் இரண்டு சிறு ரப்பர் துண்டுகளின் மேல் கண்ணாடியை உட்காரவைத்தால், கீழே வழியும் தண்ணீர் விளிம்பில் தேங்காது.