தேவரியாதால் ஏரிக்கு அப்பாவை அழைத்துச் செல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம். உத்தரகண்டில் ஊக்கிமட்டுக்கு அருகிலுள்ள சாரி கிராமத்திலிருந்து காட்டுவழியே ஏறக்குறைய 3 கிலோமீட்டர் ஏறினால் வரும் தேவரியாதால் ஏரிக்கு, புரான்ஸ் மரங்கள் சிவக்கப் பூத்திருக்கும் மார்ச் இறுதியில் (நீலகிரியில் நாம் காட்டுப்பூவரசு என்கிறோமே, அதே இனம்தான்), 64 வயதான என் அப்பாவுடன் செல்லத் திட்டமிட்டிருக்கிறேன்.

தயக்கம் அவருடைய முழங்காலைப் பற்றியது. சென்ற ஆண்டு வெள்ளியங்கிரியில் மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு சிரமமின்றி ஏறியவர், இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் பக்கவாட்டில் திரும்பித்தான் கால் வைத்தார். அடிவாரம் சேர்வதற்குள் வலது முழங்கால் வீங்கிவிட்டது. ஆகவே, ஏற்றத்தைவிட இறக்கமே எனக்குக் கவலையளிக்கிறது.

அங்கு சென்று வந்தவர்கள், கல் பாவிய அந்தப் பாதை இறங்குகையில் எந்த அளவுக்குச் செங்குத்தாக இருக்கும் என்பதையும், சாரியில் மட்டக்குதிரை கிடைக்குமா என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும். 7,138 மீட்டர் உயரச் சௌகம்பா சிகரம் ஏரி நீரில் தெளிவாகத் தெரிவது காற்றெழாத அதிகாலையில்தான் என்பதால், சாரியில் தங்கி இருட்டிலேயே கிளம்புவது பாதுகாப்பானதா, அல்லது முந்தைய மாலையே ஏறி மேலே தங்குவது நல்லதா? மேலே தங்குவதென்றால், அந்தக் குளிரை அவர் மூட்டு தாங்குமா என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.